எண்ணெய் போடாத கப்பி

ஏட்டி தாரு, இங்க வா. சன்னல் பக்கம் படுக்காத, சுவத்துப் பக்கம் படு. ஏன் எதுக்குன்னு கேக்காத, படு. ஃபேன் கத்துதா? கத்தட்டும். உங்க மாமாவும் தினம் அதத்தான் சொல்றாரு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டா என்னவாம்னு. தொட்டா கைய ஒடிச்சிருவேன்னு சொல்லி வச்சிருக்கேன். இந்த வீட்டுல தோசைக்கல்லுக்கும் உன் தலைக்கும்தான் எண்ணெய். வேற எதுக்கும் கிடையாது.

சரி, மத்தியானம் என்ன சோலி பாத்த நீ? கொல்லைக்குப் போயி, கிணத்து மேல கட்டியிருந்த வலைய விலக்கி, தலைய உள்ள விட்டு, "அத்தை... அத்தை..."ன்னு கூப்பாடு போட்டியா இல்லையா? நான் ஓடி வந்து சடையப் புடிச்சு இழுத்தேனா இல்லையா? வலிச்சுதா? நல்லா வலிக்கட்டும். லீவுக்கு வந்த புள்ளைய இப்படியா இழுப்பாகன்னு உங்கப்பன்கிட்ட போயி சொல்லு, போ. ஏன் இழுத்தேன்னு சொல்றேன், கேளு. ஆனா ம் கொட்டணும். கொட்டலன்னா பாதியில நிறுத்திருவேன்.

"ம்."

ஆங், அப்படி.

ஒரு ஊர்ல ஒரே ஒரு கிணறு. கரிசக்காடு. கம்பும் பருத்தியும் விளையுற பூமி. எங்க தோண்டினாலும் உப்புத்தண்ணிதான், வாயில வைக்க விளங்காது. இந்த ஒரு கிணத்துல மட்டும் அம்புட்டு இனிப்பா தண்ணி. யார் வெட்டினதுன்னு யாருக்கும் தெரியாது. ஊர்க்காரங்க அங்க வந்து குடியேறும்போதே அது அங்க இருந்துச்சாம். ஆழம்னா அப்படி ஒரு ஆழம். ஒரு கல்லைப் போட்டுட்டு நின்னா, போட்டதே மறந்து போகும். அப்புறமாத்தான் "டொபுக்"னு கேக்கும்.

அந்தக் காலத்துல கப்பி கிடையாது. கப்பின்னா தெரியும்ல? கிணத்து மேல சக்கரம் மாதிரி தொங்கும், கயிறு அதுமேல ஓடும். நம்ம கிணத்துல கூட போன வருசம் வரைக்கும் தொங்குச்சு. மோட்டார் போட்டதும் உங்க மாமா கழட்டி, பழைய இரும்புக்காரன்கிட்ட தூக்கிக் குடுத்துட்டாரு. வேண்டாம் வேண்டாம்னு தலையில அடிச்சிக்கிட்டேன். எங்க கேட்டாரு.

அது கிடக்கட்டும். கப்பி இல்லாத காலத்துல தண்ணி எப்படி எடுப்பாங்க? விளிம்புல நின்னு, நல்லா குனிஞ்சு, கயித்துல கட்டின தோண்டிக் குடத்த உள்ள விட்டு, கைமாத்திக் கைமாத்தி இழுக்கணும். சரட்... சரட்... சரட்... எட்டிப் பாத்துக்கிட்டேதான் இழுக்கணும், இல்லன்னா தோண்டி கல்லுல முட்டி உடைஞ்சிரும்.

அந்த ஊர்ல அக்கா தங்கச்சி ரெண்டு பேர். அக்கா பேரு ஆவுடை. தங்கச்சி குருவம்மா, சின்னப் புள்ள, உன்னை விடச் சின்னவ. அம்மாக்காரி காய்ச்சல்ல போயிட்டா. அப்பன் பருத்திப் பொதி ஏத்திக்கிட்டு ஊர் ஊராப் போயிருவான். அக்காதான் அவளுக்கு எல்லாம். கிணத்துல இருந்து குடத்தோட வரும்போதே "குருவு, பசிக்குதாடி?"ன்னு கேட்டுக்கிட்டேதான் வருவா. நுங்கு சீவிக் குடுத்து, தின்னு முடிச்ச ரெண்டு மட்டையையும் ஒரு குச்சியில கோத்து, நுங்கு வண்டி செஞ்சு குடுப்பா. இந்தச் சின்னக் கழுத கிணத்துப் பக்கம் போனா மட்டும் சடையப் புடிச்சு ஒரே இழுப்பு. "எட்டிப் பாக்காதடி! எத்தனை தடவ சொல்றது? எட்டிப் பாக்காத!"

"உன்னை மாதிரியே."

ஆமா, என்னை மாதிரியேதான். பேசாம கேளு.

அக்கா குடத்த இடுப்புல வச்சுக்கிட்டு முன்னால நடப்பாளா, இவ நைசா பின்தங்கி கிணத்துக்கிட்ட போவா. போயி தலைய விட்டு, "அக்கா..."ம்பா. உள்ளயிருந்து "அக்கா... அக்கா... கா..."ன்னு வரும். இவளுக்குச் சிரிப்பாணி தாங்காது. தினம் இதே விளையாட்டு.

அப்புறம் ஒருநாள், "அக்கா..."ன்னு கூப்பிட்டா. சத்தம் உள்ள போச்சு. திரும்பி வரல.

நின்னு பாத்தா. வரவே இல்ல. கிணறு கம்முனு கிடந்துச்சு. சரிதான்னு நுங்கு வண்டிய உருட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டா. அந்தச் சத்தத்தை உள்ள இருந்தது வச்சுக்கிச்சுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?

"ம்... உள்ள என்ன இருந்துச்சு?"

அத யார் கண்டா. பாத்தவுக யாரும் மேல வந்து சொல்லல.

அப்புறம் ஒருநாள் உச்சிவேளை. காக்கா கூடக் கத்தல. ஆவுடை தனியா தண்ணிக்குப் போறா. குருவு வீட்டுல சுருண்டு தூங்குறா. கிணத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கிழவி கம்பு காயப்போட்டுக்கிட்டு இருக்கா. ஆவுடை தோண்டிய விடப் போற நேரம், கீழ இருந்து, அழுற மாதிரி, "அக்கா..."

ஆவுடைக்கு உசுரே போச்சு. "குருவு! ஏட்டி குருவு! விழுந்துட்டியா?"ன்னு குனிஞ்சா. ஒண்ணும் தெரியல, இருட்டு. இன்னும் கொஞ்சம் உள்ளயிருந்து, "அக்கா..." அவ இன்னும் கொஞ்சம் குனிஞ்சா. இன்னும் உள்ளயிருந்து, "அக்கா..."

டொபுக்.

கிழவி போட்ட சத்தத்துல ஊரே ஓடியாந்துச்சு. ஆம்பளைங்க கயிறு கட்டி இறங்கினாங்க. முங்கித் தேடினாங்க. தோண்டி மிதந்துச்சு. ஆவுடை இல்ல. எங்க தேடியும் இல்ல.

குருவு கண்ணைக் கசக்கிக்கிட்டு வந்து நிக்குறா. கிழவி அவளைப் பாத்து அலறிட்டா. "அடி பாவி, உன் குரல்லதான்டி உள்ள கூப்பிட்டுச்சு! நீ இங்க நிக்கிறியே!" அப்பதான் அவளுக்கு விளங்குச்சு. தான் உள்ள போட்ட குரல் எங்க போச்சுன்னு. அந்தப் புள்ள மனசு எப்படித் துடிச்சிருக்கும், நினைச்சுப் பாரு.

அதுக்கப்புறம் அவ யார்கிட்டயும் பேசுறது இல்ல. ஆனா கிணறு பேச ஆரம்பிச்சிருச்சு. தண்ணிக்கு யார் போனாலும், கீழ இருந்து ஆவுடை குரல்ல கேக்கும். "குருவு... பசிக்குதாடி?"

பொம்பளைங்க கிணத்தடியில நின்னு ஊர்க்கதை எல்லாம் பேசுவாங்கல்ல? அத்தனை பேர் குரலும் அதுகிட்ட சேந்து போச்சு. பொண்டாட்டி குரலக் கேட்டு புருசன் குனிவான். மக குரலக் கேட்டு தாய் குனிவா. பக்கத்துல நிக்கிறவங்க காலைப் புடிச்சு இழுத்தாத்தான் ஆச்சு. இப்படியே வருசம் ஓடுது. குருவு வளந்து பெரிய புள்ளயாயிட்டா. ஊர்ப் பெரியவர் சொல்லிட்டாரு, "இனி தாங்காதுப்பா. மண்ணைப் போட்டுத் தூத்துட்டு, ஆத்துப் பக்கம் போயிருவோம்."

அப்போ குருவு வாயைத் திறந்தா. "எங்கக்கா உள்ள இருக்கா. அவ மேல மண்ணுப் போட விடமாட்டேன். எட்டிப் பாக்காம தண்ணி எடுக்க நான் ஒரு வழி பண்றேன்."

"நீயா?"ன்னாரு பெரியவரு.

"நான்தான். என் குரலாலதான போனா."

பெரியவரு யோசிச்சாரு. "முதல் மழை விழட்டும், அதுவரைக்கும் பாரு. விழுந்ததும் மண்ணுதான்"னுட்டாரு. கேக்குறியா?

"ம்."

முதல்ல என்ன செஞ்சா, கயித்த நீளமா முறுக்கி, விளிம்புக் கல்லு மேல போட்டு, தள்ளி நின்னு இழுத்தா. பாக்க வேண்டியதில்ல, குனிய வேண்டியதில்ல. ஆனா கல்லுல கயிறு உரசி உரசி, கர்ர்... கர்ர்... பட்டுனு அறுந்துச்சு. தோண்டி உள்ள போயிருச்சு. கீழ யாரோ கிக்கிக்கின்னு சிரிச்சாங்க. அதுவும் யார் சிரிப்புங்குற? இவ சின்னதுல சிரிச்ச சிரிப்பு.

அப்புறம் துலா போட்டா. தெரியுமா? நீட்டு மரம், ஒரு முனையில கல்லைக் கட்டி, இன்னொரு முனையில கயிறு. இந்தப் பக்கம் கல்லு இறங்கினா அந்தப் பக்கம் தோண்டி ஏறும். அழகா ஏறுச்சு. ஊரே கூடி நின்னு பாத்துச்சு. ஆனா துலா சத்தமே போடாது. தோண்டி தண்ணியில முங்குற நேரம், ஒரே அமைதி. அந்த அமைதியில, "குருவு... இருட்டா இருக்குடி..."

அவ்வளவுதான். அவ கால் தன்னால நடந்துச்சு. கிணத்தப் பாத்து, ஒரு எட்டு, இன்னொரு எட்டு. கிழவிதான் குறுக்க விழுந்து மறிச்சா. "போதும்டி, விட்டுரு, ஊரை விட்டே போயிருவோம்"னு அழுதா. மேக்க மேகம் கறுத்துக்கிட்டு வருது.

குருவு அங்கயே உக்காந்து அழுதுகிட்டு இருக்கா. அப்போ உப்பு வண்டி ஒண்ணு வருது. தூரத்து ஊர்க்காரன். அச்சுக்கு வண்டி மை, எண்ணெய் எதுவும் போட்டு எத்தனை காலமாச்சோ, கிரீ...ச், கிரீ...ச்னு காதைக் கிழிச்சுக்கிட்டு வருது. கிணத்துக்குள்ள "குருவு, பசிக்கு..."ன்னு ஆரம்பிச்ச குரல் பாதியில நின்னு போச்சு. வண்டி கடந்து, சத்தம் தேஞ்சு, ஓஞ்சதுக்கப்புறம்தான் "...தாடி"ன்னு வந்துச்சு.

குருவு கண்ணைத் துடைச்சா.

வீட்டுக்கு ஓடுனா. கூரை இறவாரத்துல அவ அக்கா செஞ்சு குடுத்த நுங்கு வண்டி சொருகிக் கிடக்கு, காஞ்சு கறுத்துப் போயி. எடுத்தா. ரெண்டு மட்டைக்கும் நடுவுல இருக்கிற குச்சி மேல ஒரு கயித்தப் போட்டு இழுத்துப் பாத்தா. கயிறு அப்படி இப்படி விலகாம ரெண்டு மட்டைக்கும் நடுவுல ஓடுது, குச்சியும் கூடவே சுத்துது. அதையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் நேரா ஆசாரி வீட்டுக்குப் போயிட்டா.

"மாமா, ஒரு சக்கரம் வேணும். நடுவுல கயிறு ஓடுற மாதிரி பள்ளம் வேணும். கிணத்து மேல தொங்கணும்."

ஆசாரி கெட்டிக்காரரு, பாத்த உடனே புரிஞ்சிக்கிட்டாரு. வேலமரத்துல கடைஞ்சு, ரெண்டு கல்தூணு நட்டு, குறுக்கு மரத்துல மாட்டிட்டாரு. மாட்டிட்டு விளக்கெண்ணெய்க் கிண்ணத்த எடுக்குறாரு. குருவு பாஞ்சு வந்து தட்டி விட்டா.

"எண்ணெய் போடக்கூடாது மாமா. அது கத்தணும்."

"அடிப் பைத்தியக்காரி! கத்துற சக்கரத்த நான் செஞ்சேன்னு நாலு ஊர்ல சொன்னா என் மானம் போயிருமே!"

"போகட்டும், உசுரு இருக்கும்ல?"

ஆசாரி முகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு தள்ளி உக்காந்துட்டாரு. குருவு நெஞ்ச நிமித்தி, விளிம்ப விட்டுத் தள்ளி நின்னு, கயித்த இழுத்தா. கிரீச்... கிரீச்... கிரீச்... குனியல, எட்டிப் பாக்கல. கீழ ஒரு சத்தம் இல்ல. தோண்டி ததும்பத் ததும்ப மேல வந்துச்சு. அந்த நேரம் பாத்து மழையும் சோன்னு இறங்குச்சு. மண்வெட்டியோட வந்தவங்க அதை ஓரமாப் போட்டுட்டு, குடத்தத் தூக்க ஓடுனாங்க.

இப்படித்தான் கப்பி வந்துச்சு. அந்த ஊர்ல இப்படித்தான் வந்துச்சு. இழுக்கிற வரைக்கும் கப்பி கத்தும், கத்துற வரைக்கும் அது பேசாது. இழுத்து முடிச்சதும் குடத்த எடுத்துக்கிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரணும். கிணத்தடியில யாரும் பேசவும் கூடாது. தூங்கிட்டியா?

"ம்... இல்ல. அப்புறம்?"

அப்புறம் குருவுக்குக் கல்யாணம். உள்ளூர் மாப்பிள்ளைதான். அவங்க வழக்கம், தாலி ஏறினதும் புதுப்பொண்ணு போயி முதல் குடம் இறைக்கணும். ஊரே பின்னால மேளதாளத்தோட வரும், ஆனா கிணத்தடிக்கு அவ மட்டும்தான் போகணும். இந்த ஆசாரி இருக்காரே, நல்ல மனுசன், குருவு மேல அம்புட்டுப் பிரியம். வெளியூர்ச் சனம் எல்லாம் வந்திருக்கு, இன்னிக்கும் நம்ம சக்கரம் இப்படிக் கத்துனா என்ன நினைப்பாங்க, புள்ளைக்கும் இழுக்கக் கஷ்டமா இருக்குமேன்னு, காலையில யாருக்கும் தெரியாம போயி, அச்சுல கிண்ணம் நிறைய விளக்கெண்ணெய விட்டுட்டாரு.

குருவு கூறைச்சேலை கட்டி, மால மஞ்சளோட, குடத்தோட வந்து நிக்குறா. உச்சிவேளை. மேளம் தூரத்துல நின்னுருச்சு. கயித்த விட்டா. சக்கரம் சுத்துது.

சத்தம் இல்ல.

வழவழன்னு ஓடுது. கீழ இருந்து, அத்தனை வருசம் கழிச்சு, "குருவு..."

"அக்கா"ன்னுட்டா. வாய் தன்னால சொல்லிருச்சு.

"பசிக்குதாடி?"

"இல்லக்கா, சாப்பிட்டேன்." கண்ணுல தண்ணியா ஊத்துது. "எனக்குக் கல்யாணம்க்கா."

"சேலை நல்லா இருக்கா? எனக்குக் காட்ட மாட்டியா?"

அவ கயித்த விட்டுட்டு ஒரு எட்டு வச்சா. இன்னொரு எட்டு. விளிம்புக் கல்லுல பாதம் பட்டுருச்சு. எனக்கு எங்கக்கா போதும், வேற யாரும் வேணாம்னு அவளுக்கு அப்போ தோணுச்சாம்.

"அங்க நின்னா தெரியலடி. கொஞ்சம் குனி. எட்டிப் பாரு, குருவு. எட்டிப் பாரு."

குருவு அப்படியே நின்னு, மனசுக்குள்ள கேட்டுக்கிட்டா.

எங்கக்கா இருந்த வரைக்கும் என்னைய ஒருநாளாவது எட்டிப் பாருன்னு சொல்லியிருக்காளா? சடை பிஞ்சு போற மாதிரி இழுப்பாளே. எட்டிப் பாக்காத, எட்டிப் பாக்காதன்னு தொண்டை கட்டக் கத்துவாளே. அவளா இப்படிச் சொல்லுவா?

"நீ எங்கக்கா இல்ல"ன்னா. "எங்கக்கா உள்ள இல்ல. எங்கக்கா செத்துப் போயிட்டா." அத்தனை வருசமும் அவ அந்த வார்த்தைய வாயால சொன்னதே இல்ல. அன்னிக்குத்தான் சொன்னா. சொல்லிட்டு ஓ...ன்னு அழுதா. கிணத்தடியில பாத்திரம் விளக்குற சாம்பல் குவிஞ்சு கிடக்கும்ல, அதுல கை நிறைய அள்ளி அச்சுல அப்புனா. இன்னும் அள்ளி அப்புனா. அழுதுகிட்டே கயித்தப் புடிச்சு இழுத்தா. முதல்ல கர்... அப்புறம் கிர்... அப்புறம் பழையபடி கிரீச்... கிரீச்... கீழ இருந்து "குருவு, குருவு"ன்னு வந்த குரல் அதுல அமுங்கிப் போச்சு. புதுச்சேலையெல்லாம் சாம்பல். அதோட குடத்த இடுப்புல வச்சுக்கிட்டு திரும்பிப் பாக்காம வந்துட்டா.

அதுல இருந்து அந்த ஊர்ல வாக்கப்படுற பொண்ணு ஒவ்வொருத்தியும், முதல் குடம் இறைக்கிறதுக்கு முன்னால கப்பி அச்சுல ஒரு பிடி சாம்பல் போடுவா. மரக்கப்பி போயி இரும்புக்கப்பி வந்துச்சு, அப்பவும் சாம்பல்தான். என் மாமியார் என் கையில சாம்பலக் குடுத்தப்போ, என்ன கூத்துடா இதுன்னு நான் சிரிச்சேன். அவங்க சிரிக்கல.

"அந்தக் கிணறு எங்க... இருக்கு... அத்தை?"

ஊரு பெருத்துப் போச்சு, வீடுங்க நெருக்கமா வந்துச்சு, சுவரு எழும்புச்சு, யாரோ ஒருத்தர் வீட்டுக் கொல்லைக்குள்ள போயிருச்சு. கண்ணை மூடு.

அட, கரண்ட் போச்சு. ஃபேனும் நின்னுருச்சு பாரு. வேர்க்குதா? விசிறி எங்க வச்சேன். இந்தா, வீசுறேன்... தாரு? ஏட்டி தாரு? தூங்கிட்டா. நல்ல புள்ள. வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குறதப் பாரு, அப்படியே எங்கண்ணன்.

"அத்தை..."

என்னடி, இன்னும் தூங்கலையா?

தூங்கத்தான் செய்யுறா. மூச்சு சீரா வருது. உதடு அசையல.

"அத்தை... அத்தை..."

கொல்லையில இருந்து வருது. மத்தியானம் இவ கிணத்துக்குள்ள போட்ட குரலு.

கூப்பிட்டுக்க. எத்தனை தடவ வேணும்னாலும் கூப்பிட்டுக்க. நான் எந்திரிக்க மாட்டேன். எம் புள்ள என் கையில இருக்கா. அவ சடை என் கையில சுத்தியிருக்கு, விடமாட்டேன். இது இரும்புக் கட்டிலு, மூலைக்கு மூலை துரு. ஆட்டுனா ஊருக்கே கேக்கும். இந்தா, ஆட்டுறேன். கிரீச்... கிரீச்... விடிஞ்சதும் முதல் வேலையா உங்க மாமாவ இரும்புக் கடைக்கு விரட்டி, கப்பியத் திரும்ப வாங்கியாரச் சொல்றேன். கிரீச்... கிரீச்...

தோண்டி மேல வந்துருச்சு, கதை கீழ இறங்கிருச்சு. நீ தூங்கு தாயி. கிரீச்... கிரீச்... தூங்கு.